வடிவு கேட்டதெல்லாம்

கைக்குட்டையில் முடிந்து வைத்த வடிவின் தாலிச்சங்கிலி சட்டைப்பையில் கனத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு கனமா இது என்று அய்யம்பெருமாளுக்குத் தோன்றியது. இருபத்தெட்டு வருஷமாக அவள் கழுத்தில் கிடக்கிறது, அவர் கட்டியதுதான், கட்டிய நாளுக்குப் பிறகு அதைக் கையில் வாங்கிப் பார்த்ததாக நினைவில்லை. கம்மல் இரண்டும் பர்ஸுக்குள். மூக்குத்தித் திருகு மட்டும் கழலமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஸ்கேன் எடுக்கிற பெண் சோப்புத் தண்ணீர் தொட்டுத் திருகிக் கழற்றியபோது வடிவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வலியில் வந்த நீர் என்றுதான் அவர் நினைத்தார். மூக்குத்தி இல்லாத அந்த முகம் வடிவின் முகமாகவே இல்லை, கல்யாண வீட்டில் யாரோ அறிமுகப்படுத்தி வைக்கிற தூரத்து உறவுக்காரி முகம் போல இருந்தது. பச்சை நிறத்தில் தொளதொளவென்று ஒரு அங்கி, பின்பக்கம் நாடா கட்டியது. அந்தக் கனத்த கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்து, "நீங்க இங்கனதான இருப்பிய?" என்றாள். "பின்ன எங்க போவேன்? போயிட்டு வா" என்றார். கதவு மூடிக்கொண்டது. சரியான பதில்தான். என்ன கேட்டாளோ அதற்குப் பதில். ஆனாலும் பதில் போய்ச் சேராத மாதிரி அவள் அரை நிமிஷம் அப்படியே நின்றாளே, அது எதற்கு? பதில் சொல்லி முடித்த பிறகும் ஸ்டேஷனில் சிலர் அவருடைய ஜன்னலை விட்டு நகராமல் நிற்பார்களே, அந்த மாதிரி. அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று அவர் கையை ஆட்டுவார். நல்லவேளை, இங்கே கையை ஆட்டவில்லை. ஆட்டினோமா? இல்லை, ஆட்டவில்லை.

ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் அவருக்கு இது இருபத்தொன்பதாவது வருஷம். ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி என்று யாரும் எண்ணியதில்லை, எண்ணினால் பைத்தியம் பிடிக்கும். செந்தூர் வண்டி எப்ப, தென்காசிக்கு எந்தப் பிளாட்பாரம், கக்கூஸ் எந்தப் பக்கம். நாலு பத்து என்று சொன்னால் உடனே "நாலு பத்துக்கா?" என்பார்கள். ஒருத்தர் விடாமல் எல்லாரும் இரண்டு தடவை கேட்பார்கள். காது கேட்கவில்லையா என்று அவர் எரிந்து விழுவார். ஒருமுறை, ஏழெட்டு வருஷம் இருக்கும், கையில் துணிப்பையோடு ஒரு பெண்பிள்ளை வந்து நின்று, "இந்த வண்டியில போனா அவிய வீட்ல இருப்பாவளா சார்?" என்று கேட்டது. அவிய யார், எந்த வீடு என்று ஒன்றும் கிடையாது. "அத ஜோசியக்காரன்ட்ட போய்க் கேளு" என்றார். ஜன்னலுக்கு உள்ளே இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கதையைப் பிரிவு உபசார விருந்துகளில் எல்லாம் சொல்லிச் சொல்லி எவ்வளவு சிரிப்பு வாங்கியிருக்கிறார். வடிவிடமும் சொல்லியிருக்கிறார். அவள் சிரித்தாளா? அதுதான் நினைவில்லை. சிரிக்காமல் "பெறகு அந்தப் பிள்ள போச்சுதா?" என்று கேட்டாள் போல ஒரு ஞாபகம். போச்சோ போகலையோ, யாருக்குத் தெரியும்.

டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு மடியில் கிடந்தது. மூன்று மாதமாகத் தலைவலி, வலது கையில் பிடித்த தம்ளர் தானாக நழுவி விழுகிறது, அதற்குத்தான் இந்த ஸ்கேன். சீட்டின் கடைசி வரியில் ஆங்கிலத்தில் எஸ், ஓ, எல் என்று மூன்று எழுத்து, அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி. டாக்டருக்கே கேள்வி என்றால் என்ன செய்வது? அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பின்னால் இருபது பேர் நின்றார்கள், வரிசையில் நிற்கிறவர்களை மதிக்கத் தெரிந்த மனுஷன் அவர். அந்த மூன்று எழுத்தை நெட்டில் போட்டுப் பார்த்துவிடலாம் என்றால் அவருடைய போன் காலையிலேயே சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. வடிவின் போன் இருந்தது. மகள் கோமு போன தீபாவளிக்கு ஓசூரிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்தது. அம்மா மறந்துவிடுவாள் என்று பூட்டு எதுவும் போடவில்லை. திறந்தால் தமிழ் எழுத்துதான் வந்தது, ஆங்கிலத்துக்கு மாற்றுவது எப்படி என்று தெரியவில்லை. சரி, தமிழிலேயே கேட்போம், டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சந்தேகப்பட்டபடி தலைக்குள் கட்டி என்று அடிப்போம் என்று 'த' ஒன்றைத்தான் தொட்டார். அதற்குள் கீழே வரிவரியாக வந்து நின்றது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரப் படம். அது இருந்தால் முன்பே இந்தப் போனில் தேடியது என்று அவருக்குத் தெரியும். தயிர் புளிக்காம இருக்க என்ன செய்யணும். தலவலியோட கை மரத்துப் போனா என்ன வியாதி. மூன்றாவது வரி, தனியா இருக்க பயமா இருந்தா என்ன செய்யணும்.

முதலில் அவருக்கு அந்த எழுத்துதான் உறுத்தியது. யாராவது இப்படி எழுதுவார்களா, மரத்துப் போனா, பயமா இருந்தா. பிறகுதான் பிடிபட்டது, இது எழுதியது இல்லை, பேசியது. மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று கோமு சொல்லிக் கொடுத்தது அவர் காதிலும் விழுந்ததுதான். அடுக்களையில் மிக்சி நின்ற பிறகு ஒரு முணுமுணுப்புக் கேட்கும், தாழ்ந்த குரலில், கோமுவோடு பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு பேப்பரைப் புரட்டுவார். அப்படியானால் அது கோமு இல்லையா? இந்தப் பெட்டியோடுதான் பேசிக்கொண்டிருந்தாளா? தனியா இருக்க பயமா இருந்தா. எங்கே தனியாக இருக்கிறாள் இவள்? வீட்டில் நாம் இல்லையா? ஷிப்ட் முடிந்து நேராக வீடுதான், ஒரு டீக்கடை கிடையாது, ஒரு சீட்டாட்டம் கிடையாது. தனியா இருக்கணும் என்று எண்ணம் வந்தவள்தான் தனியாக இருப்பதற்கு என்ன வழி என்று கேட்பாள். சட்டைப்பையில் சங்கிலி இன்னும் கொஞ்சம் கனத்தது. மூடி வைத்துவிடலாம், அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற மாதிரி இது, மூடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே விரல் 'வ'வைத் தொட்டது. வீட்டுக்காரருக்கு என்று ஆரம்பித்து மூன்று வந்தது. வீட்டுக்காரருக்கு சுகர் இருந்தா கருப்பட்டி குடுக்கலாமா. வீட்டுக்காரருக்கு ஏன் சாயங்காலம் ஆனா கோவம் வருது. வீட்டுக்காரருக்குத் தெரியாம ரயில் டிக்கெட் எடுக்கலாமா.

உள்ளே எந்திரம் சத்தம் போட ஆரம்பித்தது. கதவு கனமானதுதான், ஆனாலும் தட்டுமுட்டென்று யாரோ தகரத்தை அடிக்கிற மாதிரி சுவர் வழியாக வந்தது. பக்கத்து நாற்காலி அம்மா, ஆலங்குளத்திலிருந்து புருஷனின் முதுகெலும்பு ஸ்கேனுக்காக வந்திருப்பவள், "ஆரம்பிச்சுட்டாவ போல" என்றாள். ஆமா என்று தலையாட்டினார். ரயில் டிக்கெட். விசாரணை ஜன்னலில் இருக்கிறவன் பெண்டாட்டி, புருஷனுக்குத் தெரியாமல் ரயில் டிக்கெட் எடுக்க வழி கேட்டிருக்கிறாள். ஊர் முழுக்க வந்து அவரிடம் கேட்கிறது. கன்னியாகுமரியிலிருந்து வடக்கே எந்த ஊருக்கு எந்த வண்டி எங்கே மாற வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இவளுக்கு அந்தப் பெட்டியிடம் கேட்க வேண்டியிருந்திருக்கிறது. எங்கே போக? தனியாக இருக்க எங்கே போவாள்? அண்ணன் வீடு என்று ஒன்று இருந்தது, அதுவும் சொத்துத் தகராறில் போய்விட்டது. மகளிடம்தான் போயாக வேண்டும் என்று 'ஓ'வைத் தொட்டார். ஓசூருக்கு ரயில் எத்தன மணிக்கு. ஓசூர் ரயில்ல பொம்பள தனியா போலாமா. ஓசூர் ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோ கிடைக்குமா. இதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. சாயங்காலம் ஒரு வண்டி, விடிகிற நேரத்தில் போய்ச் சேரும், பெண்கள் பெட்டியில் ஏறிக்கொள், கீழ் பெர்த் கேட்டு வாங்கு. அரை நிமிஷ வேலை. எப்போது கேட்டாள் இதை? தேதி ஒன்றும் போடவில்லை. கடிகாரப் படம் மட்டும் இருக்கிறது, மணி காட்டாத கடிகாரம்.

தேதி வேண்டியதில்லை, அவருக்கே தெரிந்துவிட்டது. வைகாசியில் கோமுவுக்கு நாலாம் மாசம் கலைந்துபோனது. மாப்பிள்ளைதான் போன் செய்தார். வடிவு அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நாம ஒரு எட்டு போயிட்டு வருவமா?" என்றாள். கோடை ஸ்பெஷல் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த நேரம், லீவு கிடைப்பது கஷ்டம், "பாப்போம்" என்றார். மறுநாளும் கேட்டாள். "ஒரு தடவ சொன்னா புரியாதா, வீட்லயும் என்கொயரியா?" என்றார். அந்த வாக்கியம் புதிதில்லை, எப்போதோ ஒரு பொங்கலுக்குத் தம்பி குடும்பம் வந்திருந்தபோது விளையாட்டாகச் சொல்லி எல்லாரும் சிரித்தது. வடிவும் சேர்ந்து சிரித்தாள். நல்ல வாக்கியமாக இருக்கிறதே என்று அப்புறம் அடிக்கடி உபயோகத்துக்கு வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், டிவிக்கு முன்னால், கட்டிலில் கூட. வீட்லயும் என்கொயரியா. அவரும் என்ன செய்வார், எட்டு மணி நேரம் கேள்வியாகவே கேட்டுக் கேட்டு, காதுக்குள் ஊர்ப்பேராகவே ஓடிக்கொண்டிருக்கும், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இனி யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது, கேட்கவே கூடாது என்று இருக்கும். சாயங்காலம் ஆனா ஏன் கோவம் வருது. அதற்கு அந்தப் பெட்டி என்ன பதில் சொல்லியிருக்கும்? சுகர் இறங்கினால் வரும், பி.பி. ஏறினால் வரும் என்று சொல்லியிருக்கும். அதை நம்பித்தான் மூன்று வேளையும் அவருக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தாளோ. கடைசியாக அவள் என்ன கேட்டாள் அவரிடம், சற்று முன்பு கதவருகே கேட்டதை விட்டுவிட்டுப் பார்த்தால்? யோசித்தார். காப்பியில் சீனி போடவா. லைட்டை அணைக்கவா. வேறு? அதற்கு முன்னால்? வைகாசி வரைக்கும் பின்னால் போயும் ஒன்றும் அகப்படவில்லை. கேள்வியே இல்லாத வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று கூட வேலை பார்க்கிறவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அவள் ஓசூருக்குப் போகவில்லை. போகவில்லைதானே? போயிருந்தால் தெரிந்திருக்கும். அவர் இரவுப் பணி மாட்டிய நாட்களிலும் காலையில் வந்தால் கதவைத் திறந்தது அவள்தான். அப்படியானால் வழியெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு, ஆட்டோ கிடைக்குமா என்பது வரைக்கும் கேட்டு வைத்துக்கொண்டு, போகாமல் இருந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலி அம்மா ஏதோ கேட்டாள். "என்ன?" என்றார். "இல்ல, ஒங்க வீட்டுக்காரிக்கு என்ன செய்யுதுன்னு கேட்டேன்." "தலவலி" என்றார். அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள், அடுத்த ஆள் என்று கையை ஆட்ட முடியாத இடம் இது, "கையும் மரத்துப் போவுது" என்று சேர்த்துச் சொன்னார். "சரியாப் போவும்" என்றாள் அவள். அவளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை அவருக்கு வேண்டியிருந்தது, பச்சைத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது, இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று கூட இருந்தது. நாலு பத்துக்கா? ஆமா, நாலு பத்துக்குத்தான்.

பிறகு அவர் தேடினார் என்று சொல்ல முடியாது, இருட்டு அறையில் கையால் துழாவுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனார். பூனை ஏன் நம்மளையே உத்துப் பாக்குது. மல்லிச்செடியில மொட்டு கருகுனா என்ன போடணும். நீச்சல் அம்பது வயசுல கத்துக்கலாமா. இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்காதவள், குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறவள், எந்த ராத்திரியில் இந்த ஆசை வந்தது இவளுக்கு. அதற்குக் கீழேயே, நீ ஆம்பளையா பொம்பளையா. அந்தப் பெட்டியைத்தான் கேட்டிருக்கிறாள். 'சா' என்று தொட்டதற்கு, சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை போட மறந்துட்டா, சாம்பிராணி புகை தலவலிக்கு நல்லதா, சாப்பிட்டியா. அவ்வளவுதான், ஒரே சொல். சாப்பிட்டியா. அவர் மதியச் சாப்பாட்டை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த ஏதோ ஒரு நாளில், அடுக்களையில் நின்றுகொண்டு, கையில் இந்தச் சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு அதனிடம் கேட்டிருக்கிறாள். நாலு பேர் பார்க்கிற இடம் என்று மேலே விட்டத்தைப் பார்த்துக் கண்ணைக் கொட்டிக்கொண்டார். வலப்பக்கம் ஒரு டிவி, சத்தமில்லாமல் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். மீண்டும் குனிந்தபோது விரல் 'ம'வில் இருந்தது. மண்டக்குள்ள கட்டி இருந்தா பேச்சு போயிருமா.

சத்தம் நின்றுவிட்டது. உள்ளே எந்திரமும் நின்றது, இவருக்குள்ளேயும் ஏதோ நின்றது. பேச்சு போயிருமா. இவளுக்கு எப்படித் தெரிந்தது கட்டி என்று? டாக்டர் அவரிடம் தனியாகத்தானே சொன்னார், இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது என்றுதானே சொன்னார். அவளிடம் "ஒண்ணுமில்ல, சும்மா ஒரு படம்" என்று சொல்லி அழைத்துவந்தார். அவள் எல்லாம் தெரிந்துகொண்டு, சும்மா ஒரு படம் எடுக்க வருகிறவள் மாதிரி ஆட்டோவில் உட்கார்ந்து, வண்ணார்பேட்டை வரைக்கும் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாளே. அப்போது ஏன் இப்படிப் படிக்கிறாள் என்று எரிச்சலாக இருந்தது. பேச்சு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தாளோ? அய்யோ. வேண்டாம், போதும், மூடிவிடலாம். ஒரே ஒரு எழுத்தை அவர் இதுவரை தொடவே இல்லை, சுற்றிச் சுற்றி வந்தும் அதை மட்டும் விட்டு விலகியே போனார். 'எ'. எத்தன நாள் என்று இருந்தால்? எத்தன நாள் உயிரோட இருப்பாங்க என்று கேட்டிருந்தால், அதற்கு அந்தப் பெட்டி ஒரு எண்ணும் சொல்லியிருந்தால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவள் தினமும் தோசை சுட்டுக்கொண்டிருந்தால்? தகர அடி மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தடவை வேறு தாளத்தில், நீளமாகக் கர்ரென்று இழுத்து. உடனே நின்றது. உடனே நிற்கக் கூடாதே, முதல் தடவை அவ்வளவு நேரம் ஓடியதே. உள்ளே ஏதோ ஆகிவிட்டதா என்று பதறியபோது விரல் தானாகவே 'எ'வைத் தொட்டுவிட்டது.

எம்ஆர்ஐ எடுக்க எவ்வளவு நேரம் ஆகும். எம்ஆர்ஐ உள்ள லிப்ட் மாதிரி மூடிருக்குமா. எம்ஆர்ஐ எடுக்கும்போது கூட யாராவது உள்ள வரலாமா. அதன் கீழே அதே கேள்வி மறுபடி, சொல் மாற்றி. எம்ஆர்ஐ எடுக்கையில வீட்டுக்காரர் கூட இருக்க விடுவாங்களா. லிப்ட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜவுளிக்கடை லிப்டில் கரண்ட் போய், மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் கால் மணி நேரம், அவள் மட்டும், கூட வேறு யாரும் இல்லை. இவர் கீழே பில் போடுகிற இடத்தில் நின்றார். வெளியே வந்தவளின் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "ஒண்ணுமில்ல" என்றாள், இவரும் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு தம்பியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனால் நாலு மாடியும் படியேறித்தான் வருவாள். "எளைக்கட்டும்னு பாக்காளோ" என்று அவர் தம்பி பெண்டாட்டியிடம் கேலி பேசியிருக்கிறார். தனியா இருக்க பயமா இருந்தா. அது எந்தத் தனிமை என்று இப்போதுதான் விளங்கியது. ஊரைவிட்டுப் போகிற தனிமை இல்லை, அவரை விட்டுப் போகிற தனிமையும் இல்லை. அந்தக் குழாய்க்குள் முக்கால் மணி நேரம். நீங்க இங்கனதான இருப்பிய? பின்ன எங்க போவேன் என்றாரே. அவள் கேட்டது அதுவா? எங்கே போவீர்கள் என்றா கேட்டாள்?

கனத்த கதவு திறந்து ஸ்கேன் எடுக்கிற பெண் வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் சலிப்பு. "செண்பகவடிவு கூட வந்தவங்க யாரு?" என்றாள். எழுந்தபோது அவர் மடியிலிருந்த சீட்டு கீழே விழுந்தது. "சார், அவங்க ரொம்பப் பயப்படுறாங்க. பயந்தா அமுக்கச் சொல்லி கையில குடுத்த பந்த ரெண்டு தடவ அமுக்கிட்டாங்க. அமுக்குனா நாங்க நிறுத்தியாகணும். இன்னும் பாதி இருக்கு, மருந்து வேற ஏத்தி எடுக்கணும், அதுக்கு இதுல கையெழுத்துப் போடுங்க. இப்பிடியே செஞ்சாங்கன்னா இன்னிக்கு முடிக்க முடியாது சார். மயக்க மருந்து டாக்டர் வர்ற அன்னிக்கு, அடுத்த வாரம் இன்னொரு தடவ வரணும்." இன்னொரு தடவை. மறுபடியும் அந்த மூக்குத்தித் திருகு, மறுபடியும் அந்த அங்கி, மறுபடியும் கடைப் பலகைகள். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர் போடாமல் நின்றார். இந்தப் பக்கம் நின்று கேட்டுப் பழக்கம் இல்லாதவர் அவர். "ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றார். "கேளுங்க." "நான் கூட உள்ள வரலாமா?"

"வரலாமே" என்றாள் அவள். "ஒருத்தர் வரலாம். உடம்புல உலோகம் ஏதும் இருக்கக் கூடாது. அவங்க கேக்கவே இல்லையே சார்?" "எங்கிட்டயும் கேக்கல" என்றார் அய்யம்பெருமாள். பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள். இதயத்தில் கருவி வைத்திருக்கிறதா, காலில் கையில் கம்பி, தகடு ஏதும் உண்டா, காதுக் கருவி, பல் செட், கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதா. ஒவ்வொன்றுக்கும் இல்லம்மா, இல்லம்மா என்று நிதானமாகப் பதில் சொன்னார். கம்பி ஏதுமில்லையே என்று அவள் இரண்டாவது தடவை கேட்டபோதும் இல்லம்மா என்றார். வாட்ச், பெல்ட், பேனா, பர்ஸ், வீட்டுச் சாவி, இரண்டு போன், சட்டைப்பையில் சங்கிலி. "இதெல்லாம் எங்க வைக்க?" என்றதற்கு வரவேற்பில் இருந்த பெண் நகைக்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை என்றாள். ஆலங்குளத்து அம்மாதான் முந்தானையை மடியில் விரித்து, "இதுல போடுங்க, நாங் எங்கயும் போவ மாட்டேன்" என்றாள். பேர் கூடக் கேட்கவில்லை அவளை. ஒரு நிமிஷம் கை தயங்கியது. ஏழு பவுன், யார் என்றே தெரியாதவள், இதை நாளைக்கு வடிவு கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு மனம் கணக்குப் போடும்போதே இன்னொரு கை முடிச்சை எடுத்து அந்த முந்தானையில் போட்டுவிட்டது. இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அவர் திரும்பி நிற்க, அதையும் அறுத்து வாங்கிக்கொண்டார்கள். காதில் பஞ்சு உருண்டை வைத்து அழுத்திக்கொண்டு அந்தக் கதவுக்குள் நுழைந்தபோது, வேஷ்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

உள்ளே அப்படியொரு குளிர். பெரிய வெள்ளை வளையம், அதற்குள் வடிவு, தலை தெரியவில்லை. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. குதிகாலில் பித்தவெடிப்பு, வலது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. எப்போது அடிபட்டது இது? கேட்க வேண்டும். ஸ்டூல் ஒன்றைக் கால்மாட்டில் போட்டுவிட்டு அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அவர் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், வலது பாதத்தின் மேல் கையை வைத்தார். ஐஸ் போலிருந்தது. அது திடுக்கிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. "யாரு?" என்று குழாய்க்குள்ளிருந்து வடிவின் குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "நாந்தான்." கேட்கவில்லையோ என்று குனிந்து இன்னும் சத்தமாக, "நாந்தான் வடிவு, உள்ளதான் இருக்கேன்" என்றார். "உள்ள விட்டாவளா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆச்சரியத்தை அவரால் தாங்க முடியவில்லை. "விட்டாவ" என்றார். "கேட்டியளா?" "கேட்டேன்." "முடியுற வரைக்கும் இருப்பியளா?" என்றாள். அவர் வாயில் பின்ன எங்க போவேன் என்றுதான் முதலில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "இருப்பேன்" என்றார். "முடியுற வரைக்குமா?" "முடியுற வரைக்கும் இருப்பேன்." பாதம் மெதுவாகப் போர்வைக்கு வெளியே வந்து அவர் உள்ளங்கைக்குள் நின்றுகொண்டது.

எந்திரம் ஆரம்பித்தது. வெளியே கேட்டது ஒன்றுமே இல்லை, இது காதுப் பஞ்சைத் துளைத்து, பல்லைத் துளைத்து, நெஞ்செலும்பில் வந்து அடித்தது. இதற்குள்ளா இவளைத் தனியாக விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டிருந்தார்? அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாளைக்குத்தான் ரிப்போர்ட். நாளைக்கு டாக்டர் அறையில் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் இருக்கட்டும், இரண்டு தடவை கேட்பேன், மூன்று தடவை கேட்பேன், இவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பேன். பேச்சு போயிருமா என்று கேட்பேன். போகாது என்று சொல்லட்டும், சொல்லாவிட்டால், போகிற வரைக்கும் எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவு நாளும் இவள் கேட்கட்டும், பூனை ஏன் பார்க்கிறது என்று கேட்கட்டும், எனக்குத் தெரியாது என்றாவது சொல்கிறேன். சத்தம் சட்டென்று நின்றது. கூரையில் எங்கேயோ இருந்த ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "அம்மா, படம் கலங்குது. கால ஆட்டாதீங்க. கால் ஆடுது பாருங்க." அய்யம்பெருமாள் கண்ணைத் திறந்து பார்த்தார். பாதம் தானாக ஆடவில்லை, அவர் கைக்குள்தான் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் பக்கம் முகத்தைத் திருப்பி, தனக்கே கேட்காத குரலில், "அவ இல்லம்மா" என்றார், "ஆடுதது நாந்தான்."